காற்று நிற்காத வியாழக்கிழமை

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் வீணா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ரங்கா சார் அவர்களே, வைட்ஃபீல்டிலிருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் டிராஃபிக்கில் நொந்துபோய் வந்து சேர்ந்த அமெச்சூர் ரேடியோ நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் செயலாளர் பவுலினின் வணக்கம்.

ரங்கா சாரின் துணைவியார், நமது பொறியாளர் வித்யாலட்சுமி அம்மையார் மறைந்து இன்றோடு பதினெட்டு நாள். ரேடியோ பழக்கமில்லாத உறவினர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபுர உச்சியில் ஆன்டெனாவைத் திசைக்குத் திசை திருப்பும் மோட்டாருக்கு ரோட்டேட்டர் என்று பெயர். வீட்டுக்குள் ஒரு பெட்டி இருக்கும். ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அதிலுள்ள முள் டிகிரியில் காட்டும். பெங்களூரில் யாருடைய ரோட்டேட்டர் முரண்டு பிடித்தாலும் யாருக்குப் போன் போகும்? அம்மாவுக்கு! பிரேக் தேய்ந்துவிட்டதா, இணைப்பில் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று மோட்டாரின் முனகலைக் கேட்டே சொல்லிவிடுவார். அறுபத்தெட்டு வயதில் எத்தனை மாடி ஏறினார்! எத்தனை கோபுரம் ஏறினார்!

ஆனால் வேலை முடிந்தது என்று அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார். பெட்டிக்கு முன்னால் ஒருவர் டிகிரியைச் சொல்லவேண்டும். மாடியில் நிற்பவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லவேண்டும். “முள்ளு பொய் சொல்லும்மா. சும்னே பெட்டிய நம்பாதே, மேல போய்ப் பாரு” என்று கன்னடம் கலந்து என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

போர்ட் பிளேரில் டேரில் என்றொரு நண்பர் அவருக்கு. இருபத்திரண்டு வருடமாக தினமும் மாலை ஐந்தரைக்கு இருவரும் ரேடியோவில் பேசினார்கள். ஒருவர் போன் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. கேட்டால், “காத்துல கெடச்ச ஆளை காத்துலதான் தேடணும்” என்பார். என்ன பிடிவாதம்!

ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மூன்று நாளும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார். “கிழக்கே திருப்பி டேரிலைக் கூப்பிடு. அவன் என்ன சொன்னான்னு வந்து சொல்லு.” நான் அம்மாவின் பொம்மனஹள்ளி வீட்டுக்குப் போனேன். முள்ளைக் கிழக்கே, தொண்ணூற்றைந்து டிகிரியில் வைத்துக் கூப்பிட்டேன். மூன்று மாலையும் வெறும் இரைச்சல்தான். மூன்றாம் நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா பவுலின்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மறுநாள் விடியும்போது போய்விட்டார். அந்தக் கவலையோடுதான் போனார்.

ஐந்தாம் நாள் ரங்கா சார் போன் செய்தார். “ஆன்டெனா தானா திரும்புதும்மா. நான் எதையும் தொடல.”

போனேன். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டாருக்குப் போகும் வயரையும் கழற்றினேன். இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். ஆன்டெனா மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தரை ஆனது. நண்பர்களே, மோட்டார் சத்தமே இல்லாமல் அது மெல்லத் திரும்பியது. திரும்பி, சரியாகக் கிழக்கில் நின்றது. நான் எழுந்து பின்வாங்கினேன். ரங்கா சார் மட்டும் பயப்படவில்லை. “அவதான். டயத்துக்கு வந்துட்டா” என்றார்.

கீழே ஓடி ரேடியோவைப் போட்டேன். இரைச்சலுக்குள்ளிருந்து அம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டேரில்! “மேடம், போன வாரம் மூணு நாள் உங்க ஸ்டேஷன் ரொம்ப மெலிசா கேட்டுச்சு. நானும் பதில் குடுத்துக்கிட்டே இருந்தேன். உங்களுக்குக் கேக்கலையா?”

அம்மா போய்விட்டார் என்பதை நான்தான் அவரிடம் சொன்னேன்.

மறுநாள் பெல்ட் கட்டிக்கொண்டு கோபுரம் ஏறினேன். ஆன்டெனாவின் குழாயை மோட்டாரோடு பிணைக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. கீழே முள் கிழக்கைக் காட்டும், மேலே காற்று ஆன்டெனாவை இஷ்டத்துக்குத் தள்ளும். மாலையில் காற்று அடங்கினால், முறுக்கிக்கொண்ட கேபிள் அதை மறுபடி கிழக்கே இழுத்து வரும். இதுதான் கோளாறு. இதை எழுதிக் கையெழுத்துப் போட நான் தயார். ஆனால் போன வியாழக்கிழமை காற்று அடங்கவே இல்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் பறந்தது. அன்றும் ஐந்தரைக்கு, காற்றை எதிர்த்து, அது கிழக்கே திரும்பியது. அதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கோபுரம் ஏறிய அன்றே அந்தக் கிளாம்பின் நட்டை இறுக்கப் போனபோது ரங்கா சார் கீழே நின்று கைகூப்பினார். “இறுக்காதேம்மா. இன்னும் கொஞ்ச நாள்.” இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து தினமும், மழை பெய்தால்கூட நனைந்தபடி, மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சலும் வந்துவிட்டது. ஒரு பலத்த காற்று அடித்தால் ஆன்டெனா அவர் தலையிலேயே விழும். நேற்று என்னிடம், “அவதானா இல்லையான்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் இறுக்கிக்கோ” என்றார்.

ரங்கா சார், எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் அம்மா என்னை மன்னிக்கமாட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை உங்களிடம்கூட இதுவரை மறைத்துவிட்டேன். அந்த மூன்று மாலையும் நான் மாடிக்குப் போகவில்லை. மழையும் காற்றுமாக இருந்தது, முழங்கால் வலித்தது, முள் தொண்ணூற்றைந்தைக் காட்டியது. நம்பிவிட்டேன். இருபது படி ஏறியிருந்தால் ஆன்டெனா டேரிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பேன்.

நாளை காலை பதினொரு மணிக்கு அந்த நட்டை இறுக்கப் போகிறேன். பெட்டிக்கு முன்னால் நீங்கள் உட்காருங்கள், சார். நீங்கள் முள்ளைப் படியுங்கள், நான் மேலே நின்று பார்த்துச் சொல்கிறேன். இனி தினமும் ஐந்தரைக்கு நம் சங்கத்தில் ஒருவர் அந்த வீட்டிலிருந்து டேரிலோடு பேசுவார். இது சபையறிய நான் தரும் உறுதி.

அம்மா! டேரிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாளும் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். உங்கள் கட்டிலருகே நின்று சொல்லியிருக்க வேண்டியதை, இப்படி மைக் முன்னால் நின்று சொல்கிறேன்.