நாற்பத்தாறாவது மனை

— இதுல எதுடா என் மனை?

— அந்த மின்கம்பத்துக்கு இந்தப் பக்கம் அக்கா. நாப்பத்தாறு. கல்லு தண்ணிக்குள்ள இருக்கு.

— முழங்கால் தண்ணி நிக்குது.

— அட விடுக்கா. ரெண்டு நாள் வெயில் அடிச்சா வத்திடும். துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல.

— வத்தாதுடா. காலையில நில அளவை ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். அங்க இருந்த அதிகாரி பழைய வரைபடத்தை விரிச்சுக் காட்டினார். இது ஏரி. ஒரு செங்கல் வைக்கக்கூட அனுமதி கிடையாதாம்.

— ஏரியா? இதை வித்த தரகன் என்ன சொல்றான்?

— நாலு நாளா அவன் போன் அணைஞ்சு கிடக்கு.

— இரு, இரு. அதே வரைபடத்தை வாங்குறதுக்கு முன்னாடியும் பாத்திருப்பியே?

— அந்தக் கல்லு எங்கடா, கண்ணுக்கே தெரியலையே?

— அக்கா, உன்னைத்தான் கேக்குறேன்.

— பாக்கல.

— விளையாடாத. முப்பது வருஷம் நர்சு வேலை பாத்தவ. மருந்து பேரை மூணு தடவை படிக்காம ஒருத்தருக்கும் ஊசி போட்டதில்ல. வீட்டைப் பூட்டினா தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பாப்பே. நீயா பாக்கல?

— எனக்கு ஓய்வுப் பணம் வந்த அன்னிக்கு எல்லாரும் என் வீட்ல சாப்பிட்டுட்டு இருந்தோம். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? "எங்க அக்கா செத்தாக்கூட பாடையை ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஏறிப் படுப்பா"ன்னே.

— சும்மா கேலிக்குச் சொன்னதுக்கா.

— எல்லாரும் சிரிச்சாங்க. எம் பொண்ணு புரையேற சிரிச்சா. நீ நாலு இடம் வாங்கி வித்து மேல வந்துட்டே, நான் மட்டும் பேங்க்ல போட்டுட்டு உக்காந்திருக்கேன். வெக்கமா போச்சுடா. மறுநாளே தரகன்கிட்ட போனேன். இடத்தை வந்து பாக்கல, ஒரு பக்கம் படிக்கல. அவன் விரல் வச்ச இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன். வெளிய வந்தப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?

— ஐயோ, அக்கா.

— நீயும்தான் ரெண்டு மனை வாங்கினே. உனக்கு ஒண்ணும் தோணலையா?

— தோணுச்சு. நல்ல கோடையிலயே இங்க கோரைப்புல்லு பச்சையா நின்னுச்சு, அடியில தண்ணி இல்லாம அது நிக்காது. வாழ்க்கையில முதல் தடவையா பயந்து, வேண்டாம்னு திரும்பிட்டேன். அப்புறம்தான் நீ பத்திரம் முடிச்சேன்னு சொன்னே. நீ அலசாமலா வாங்கியிருப்பேன்னு என் பட்டறையை அடகு வச்சு வாங்கிட்டேன்.

— பட்டறையையா? உம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

— தெரியாது.

— நல்லா இருக்குடா. நான் உன்னைப் பாத்துக் குதிச்சேன், நீ என்னைப் பாத்துக் குதிச்சிருக்கே. சரி, அழாத. எனக்கு பென்ஷன் வருது. நம்ம ரெண்டு பேரோட போச்சுன்னு சமாளிச்சுக்கலாம்.

— ரெண்டு பேரோட போகலக்கா.

— என்னடா சொல்றே? ஆமா, கரைமேல யாரு கூட்டமா வர்றது? கைக்குழந்தையோட எல்லாம் வர்றாங்க.

— என் பட்டறை ஆளுங்க. பதினோரு குடும்பம். அவங்கவங்க மனையைப் பாக்க வர்றாங்க.

— பாவி! அவங்களையும் நீயா பேசி இழுத்துவிட்டே?

— என் பேச்சை எவன் நம்புவான்? "உங்க அக்கா வாங்கினாங்களா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. உன் பத்திரத்தைக் காட்டினேன்.