ரமீரோவின் இடுப்பு

மாத்தே தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், டாக்டர். ஆறினால் வாயில் வைக்க முடியாது. தையல் எப்படிப் பிரிந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் தம்பி ரமீரோ மலாம்போ ஆடுகிறவன். பூட்ஸ் காலைத் தரையில் அறைந்து, முறுக்கி, மேடையில் தனியாக ஆடும் ஆட்டம். அதில்தான் அவன் இடுப்புக் கிண்ணத்தின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்தது. நின்றால் கால் நழுவுகிறது என்பான். நீங்கள் அதை எலும்போடு சேர்த்துத் தைத்தீர்கள். அருமையான வேலை. தினமும் படுக்க வைத்துக் காலை மெதுவாக வட்டமாகச் சுழற்றிவிடுங்கள், வெளிப்பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னீர்கள்.

நீங்கள் கோர்தோபா நகரத்துக்காரர், எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. ஜனவரியில் நடக்கும் மலாம்போ ஆண்டு விழாவில் பட்டம் வென்றவன் அதன்பிறகு எந்தப் போட்டியிலும் தனியாக ஆடக் கூடாது. நான் இளம் வயதிலேயே வென்றேன். மறுநாள் காலை எழுந்தபோது எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. இன்றுவரை ஒன்றுமில்லை. இந்த வெறுமை தம்பிக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். எந்த அண்ணன்தான் நினைக்க மாட்டான்?

படுத்தபடியே பேசிக்கொண்டிருப்பான்.

“ஜனவரி விழாவுக்குள்ள எழுந்துருவேனாண்ணே?”

“எழாம எங்கடா போவ, சோம்பேறி.”

“இந்தத் தடவ பட்டம் எனக்குத்தான். அப்புறம் ரெண்டு பேரும் கிழவனுங்க மாதிரி உக்காந்து மாட்டுக்கறி சுட்டுத் திங்கலாம்.”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே காலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

“வலிக்குதுண்ணே.”

“வலிச்சாத்தான்டா சரியாகும்.”

என்னை நம்பினான். காலின் முழுக் கனத்தையும் என் கையில் விட்டுவிட்டான். ஒரு நாள் உள்ளே ஏதோ விட்டுப்போனது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. அவன் முகம் வெளுத்தது.

“நான்தான் அசைஞ்சுட்டேன் போல. நீ மனசுல வச்சுக்காதண்ணே” என்றான்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நெஞ்சு வெடிக்கும் அழுகை, டாக்டர், அதில் பொய்யில்லை. அவன்மேல் எனக்கு உயிர்.

இனி அவனால் ஆட முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வென்றவனுக்கு வரும் வெறுமை அவனுக்கு வரவே வராது. அந்த மட்டில் காப்பாற்றிவிட்டேன்.

நேற்று அவனைக் கைத்தாங்கலாகச் சதுக்கத்துக்கு அழைத்துப் போனேன். ரொட்டிக் கடைக்காரர் வெளியூர்க்காரர்களிடம் என்னைக் காட்டி, “நம்ம ஊர்ல பட்டம் வாங்குன ஒரே ஆளு இவருதான்” என்றார். ரமீரோ தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு நன்றாக இருந்தது.