திமிசு மிஷினும் கடைசிக் குடமும்

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எதையும் விடாமல், எங்களுக்குச் சாதகமாக எதையும் சேர்க்காமல், உண்மையாக எழுதப் போகிறேன்.

என் பெயர் அம்சவல்லி, வயது பதினைந்து, தகப்பனார் பெயர் கோவிந்தன், வட ஆற்காடு மாவட்டம், ஜவ்வாது மலை, பாறைக்கொல்லை கிராமம். பள்ளி விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்புக்குப் போக இருக்கிறேன். இப்போது கோடை விடுமுறை. எழுத்தர் கோர்ட் வேலையாகத் திருப்பத்தூர் போயிருப்பதாலும், சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவின் வலது கை விரலில் கட்டுப் போட்டிருப்பதாலும், "உனக்குத்தான் எழுத வருமே, நீயே எழுதும்மா" என்று ஐயா சொன்னதாலும், ஜமுனாமரத்தூர் பயணியர் விடுதி முன்னறையில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். என் தகப்பனாரும், அவர் மேல் மனுக் கொடுத்திருக்கும் பக்கத்து வீட்டு ரங்கசாமி மாமாவும் இதே அறையில் ஆளுக்கொரு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை.

ரங்கசாமி மாமாவின் மனுவில், என் தகப்பனார் முன்விரோதம் காரணமாக வேண்டுமென்றே மிஷினை ஓட்டித் தங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரைத் தள்ளியதாகவும், அதில் தம் மனைவி மாணிக்கம்மாளின் கால் முறிந்ததாகவும் இருக்கிறது. முன்விரோதம் உண்மையென்று தெரிந்தால் என் தகப்பனாரை இன்றைக்கே திருப்பத்தூருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று ஐயா சொன்னார்.

எங்கள் வீட்டு மனை சரிவில் இருக்கிறது. மண் கொட்டி மேடாக்கித்தான் வீடு கட்ட முடியும். போன வருடம் கொட்டிய மண் மழையில் உள்வாங்கி, எழுப்பிய சுவர் வெடித்துவிட்டது. என் தகப்பனார் மலைரோடு வேலைக்குக் கூலியாகப் போனபோது அங்கே மண்ணைக் கெட்டிப்படுத்தும் மிஷினைப் பார்த்திருக்கிறார். அது தட்டையான இரும்புப் பலகை. மேலே மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின். என்ஜின் ஓடினால் பலகை அதிர்ந்து, மண்ணை அழுத்திக்கொண்டே தானாக முன்னால் நகரும். ரோடு வேலைக்காரர்கள் அதைத் திமிசு மிஷின் என்பார்கள்.

ரோடு வேலை முடிந்த பிறகு அந்த மிஷின் திருப்பத்தூரில் தசரதன் என்பவருடைய லேத் பட்டறையில் விற்பனைக்கு வந்திருப்பதாக என் தகப்பனார் கேள்விப்பட்டு, எங்கள் மரங்களின் அந்த வருடத்துப் புளி முழுவதையும் பஸ் மேல் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து அதற்குப் பதிலாக மிஷினை வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். தசரதன் மிஷினைத் தட்டிக் காட்டி, "பழசுதாங்க, ஆனா நெஞ்சு கெட்டி" என்றார். அதன் பிறகு அவர் சொன்ன வேறொன்றையும் எழுத வேண்டும். எழுதலாமா என்று என் தகப்பனாரைப் பார்த்தேன். "எழுதும்மா. அந்தாளு சொன்னது நெசந்தானே" என்றார். தசரதன் சொன்னது: "ஈர மண்ணுல ஓட்டாதீங்க, நகராம ஒரே எடத்துல நின்னு ஆடும். பழைய மண் சுவருக்குக் கிட்டவும் போவாதீங்க." இதை என் தகப்பனார் கேட்டார். நானும் கேட்டேன்.

அதன் பிறகு மிஷினைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஜீப்பில் இருந்தவர்கள், "இன்னாப்பா இது, பொணத்துக்கு மேல கனக்குது" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை சுமந்து வந்து சாக்கை அவிழ்த்ததும் என் தாயார் சுந்தரம்மாள், "ஒரு வருசத்துப் புளியக் குடுத்துட்டு இரும்புத் தவளை வாங்கியாந்துக்கிறாரு உங்கப்பன். கொழம்புல இதப் போட்டுக் கொதிக்க வெக்கிறேன், புளிக்குதான்னு பாரு" என்றார். மிஷின் முதலில் ஓடியபோது எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்ததும் அவர்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது வீட்டுக்கு மனை கெட்டிப்படுத்தும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மண்ணில் ஊற்ற வேண்டும். குடம் வராத வீடு பகை வீடு. வந்த குடத்தை வேண்டாம் என்று தடுத்தாலும் பகைதான். தசரதன் சொன்னது நினைவில் இருந்ததால் என் தகப்பனார் வீடு வீடாகப் போய், இது மிஷின் வேலை, ஒரு கையளவு தெளித்தால் போதும், மீதித் தண்ணீரை எங்கள் தொட்டியில் ஊற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தார்கள்.

ரங்கசாமி மாமா வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. அதற்கு முந்தின மாதம் எங்கள் ஆடுகள் அவர்கள் வேலியைத் தாண்டி, விதைக்கு வைத்திருந்த சாமையைத் தின்றுவிட்டன. அப்போது ரங்கசாமி மாமா ஊரார் முன்னால், "டேய் கோவிந்தா, நீ வூடு கட்டுவியே, அன்னிக்கி என் வூட்டுக் கொடம் வருதான்னு பாரு" என்று சொன்னார். என் தகப்பனார், "வராட்டி போ, உன் கொடம் இல்லாம என் வூடு நிக்காதா?" என்றார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இதை மறைத்தால் உண்மை எழுதியதாகாது.

போன செவ்வாய்க்கிழமை மனையின் நடுப்பகுதி முழுவதும் நன்றாகக் கெட்டியாகிவிட்டது. ரங்கசாமி மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையின் பழைய மண் சுவர்ப் பக்கமாக ஓரம் மட்டும் பாக்கி. அந்தப் பக்கத்து மண்ணை மிஷின் இல்லாமல் கையாலேயே இடித்துக் கெட்டிப்படுத்திக்கொள்ளலாம் என்று என் தகப்பனார் சொன்னார்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். "இன்னாம்மா, மை தீந்துபோச்சா?" என்று ஐயா கேட்டார். மை இருக்கிறது என்று சொன்னேன். அடுத்து எழுத வேண்டியதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருப்பதால் அவரைக் கேட்க முடியவில்லை. எழுதாவிட்டால் என் தகப்பனார் திருப்பத்தூர் போக வேண்டும். ஆகையால் எழுதுகிறேன்.

அன்று ரங்கசாமி மாமா சந்தைக்குப் போயிருந்தார். மாணிக்கம்மாள் அத்தை தங்கள் பித்தளைக் குடத்தில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமாக வந்தார். ஒரு கை தெளித்தால் போதும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முழுக் குடத்தையும் அந்த ஓரத்திலேயே ஊற்றினார். என் தகப்பனார் கையைத் தூக்கினார், ஆனால் தடுக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தீரும் வரை நின்றார். அதன் பிறகு அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "உங்க மாமனுக்குத் தெரிய வேணாம் கண்ணு. தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு" என்றார். சொல்ல மாட்டேன் அத்தை என்றேன். அவர் காலிக் குடத்தோடு, கன்றுக்குட்டியைக் கட்டக் கொட்டகைக்குள் போனார்.

அதன் பிறகு மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் ஓரத்து மண் சரிந்து, நடுவில் செய்ததும் வீணாகும் என்று என் தாயார் பதறினார். ஈரம் காயட்டும் என்று முதலில் சொன்ன என் தகப்பனார், மறுபடியும் வானத்தைப் பார்த்துவிட்டு மிஷினைக் கிளப்பி ஓரத்துக்குக் கொண்டுபோனார். ஈர மண்ணில் பலகை புதைந்து, மிஷின் நகராமல் நின்ற இடத்திலேயே ஆடியது. அவர் அதை அணைப்பதற்குள் கொட்டகைச் சுவர் அடியில் விரிசல் விட்டு உள்பக்கமாக விழுந்தது. உள்ளே அத்தை இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் கத்தினேன், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. அன்று மழையும் பெய்யவில்லை.

மண்ணை முதலில் கையால் அள்ளியவர் என் தகப்பனார். அத்தையைக் கட்டிலோடு ஜீப்புக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் என்னைப் பார்த்து, "கொடத்த எடுத்து வையி" என்று மட்டும் சொன்னார். இடிந்த மண்ணுக்குள் இருந்து எடுத்து, கழுவி, எங்கள் வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இதுவரை எழுதியதை எல்லாரும் கேட்க நான் படித்துக் காட்டினேன். படித்து முடித்த பிறகு நடந்ததையும் எழுத வேண்டுமல்லவா என்று கேட்டு, ஐயாவிடம் இன்னொரு தாள் வாங்கிக்கொண்டேன்.

ரங்கசாமி மாமா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பயந்தேன். "கொடம் உங்க வூட்லயா இருக்குது? நான் கெணறு வரைக்கும் தேடிட்டு வந்தேன்" என்றார். ஆமாம் மாமா என்றேன். "நெளிஞ்சி போச்சா?"

"கழுத்துல கொஞ்சம் நெளிஞ்சிருக்குது மாமா."

"ஊத்தறப்ப இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"'வூடு நல்லா நிக்கட்டும்'னு சொன்னாங்க."

"எந்த வூடுன்னு சொன்னாளா?"

"சொல்லல மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு ஐயாவைப் பார்த்து, "சார், நாளைக்கி அவள வூட்டுக்கு அனுப்பறாங்களாம். ஜீப்பு எங்க ஊரு வரைக்கும் வராது. கட்டிலத் தூக்க இன்னொரு ஆளு வேணும், இவன வுட்டுட்டுப் போங்க" என்றார். மனுவை என்ன செய்வது என்று ஐயா கேட்டார். "அது கெடக்கட்டும் சார்" என்றார். என் தகப்பனார் தலை நிமிரவில்லை. "நான் முன்னாடி புடிச்சிக்கிறேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏத்தத்துல பின்னாடி புடிக்கிறவனுக்குத்தான் கஷ்டம், தெரியும்ல?" என்று மாமா கேட்டார். "அப்ப பின்னாடியே புடிக்கிறேன்" என்றார் என் தகப்பனார்.

மேலே எழுதியவை அனைத்தும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் அறிந்து எழுதியவை. இதில் பொய் எதுவும் இல்லை. வாக்கு மீறியது ஒன்று இருக்கிறது, அதை அத்தையிடம் நானே சொல்லிக்கொள்வேன்.

ஒப்பம்: கோ. அம்சவல்லி
ஜமுனாமரத்தூர், வைகாசி மாதம், 1986

பின்குறிப்பு: நான் ஒப்பமிட்டுத் தாளை ஐயாவிடம் கொடுக்கும்போது, வெகு நேரமாக வாசலில் சாவியோடு நின்றிருந்த விடுதிக் காவலாளி பழனி, "ஆச்சுங்களா சார்?" என்று கேட்டார். ஆச்சு என்று ஐயா சொன்னார். உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டன, இதை வாசல் விளக்கின் அடியில் நின்று எழுதிச் சேர்த்தேன்.