தோளில் நாலு விரல்

பிரிசில்லா: நீதான குடுத்த?

இலக்கியா: யாரு... ஏய், பிரிசில்லாவா? மொகத்த எதுக்கு இப்படி மூடிக்கிட்டு வந்திருக்க?

பிரிசில்லா: கேட்டதுக்குப் பதில் சொல்லு. போட்டோவ நீதான குடுத்த?

இலக்கியா: செருப்போட பாஸ்கெட்பால் கோர்ட்டுல ஏறாத. இப்பதான் கோடு அடிச்சிருக்கேன். பெயிண்டு காயல.

பிரிசில்லா: ஆறு வருஷம் கழிச்சு வர்றேன். வாடின்னு ஒரு வார்த்த இல்ல. கோடு காயலையாம்!

இலக்கியா: ஆறு வருஷமா எட்டிப் பாக்காதவ வந்ததும் வராததுமா போலீசு மாதிரி கேட்டா? கடலூர்லேருந்து பஸ்ஸுலயா வந்த?

பிரிசில்லா: பஸ்ஸுலதான். பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள. துப்பட்டா வெலகுனதும் கையப் புடிச்சுக்கிச்சு. "நீ வெள்ளிக்கிழமதான செத்துப் போன?"ன்னு கேக்குது. புதுச்சத்திரம் வரைக்கும் கைய விடலடி.

இலக்கியா: சிரிச்சா அடிப்பியா?

பிரிசில்லா: அடிப்பேன்.

இலக்கியா: சரி, சிரிக்கல. இந்தா, தண்ணி குடி.

பிரிசில்லா: ஒன் தண்ணி யாருக்கு வேணும்! எட்டு வருஷமா அந்த டிவி சீரியல்ல மூத்த மருமக அமிர்தம் நான். "ஒரு வாரம் ஷூட்டிங் இல்ல மேடம், ஊருக்குப் போயி ரெஸ்ட் எடுங்க"ன்னானுவ. நம்பி வந்தேன். வெள்ளிக்கிழம அம்மாவும் நானும் சோறு தின்னுகிட்டே டிவி பாக்குறோம். அமிர்தம் லாரியில அடிபட்டுச் செத்துட்டாளாம். செவுத்துல என் போட்டோ, மால, குத்துவெளக்கு...

இலக்கியா: அம்மா என்னா பண்ணுச்சு?

பிரிசில்லா: தட்ட அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிடுச்சு. அன்னிலேருந்து சரியா சாப்புடல. முதுநகர்ல எங்க தெருவே வந்து போவுது. "உயிரோட இருக்கறப்பவே மால போட்டா ஆயுசு ஜாஸ்தி சவரியம்மா"ன்னு அம்மாவுக்கு ஆறுதல் வேற.

இலக்கியா: சீரியல்காரன் பண்ணதுக்கு நான் என்னா பண்ணுவேன்?

பிரிசில்லா: அது சீரியல் போட்டோ இல்லடி! யுனிவர்சிட்டி டிராக்சூட்டு. நீயும் நானும் கப்போட நின்னது. ஒன்ன வெட்டிட்டானுவ. ஆனா என் தோளு மேல நாலு வெரலு அப்படியே நிக்குது. நடுவெரல்ல பிளாஸ்திரி. யாரு வெரலு அது?

இலக்கியா: வெரல வெச்சு எப்படி சொல்லுவ?

பிரிசில்லா: எங்கிட்ட இருந்தது வெள்ளத்துல போச்சு. அந்தப் படம் ஒலகத்துலயே ஒங்கிட்ட மட்டும்தான் இருக்கு.

இலக்கியா: ஆமா. நான்தான் குடுத்தேன். தமிழ்மணின்னு ஒங்க மேனேஜரு கேட்டாரு, அனுப்புனேன். போதுமா?

பிரிசில்லா: கேட்டா குடுத்துடுவியா? "ஒன்ன தூக்கறாங்கடி"ன்னு எனக்கு ஒரு ஃபோன் போடத் தோணல?

இலக்கியா: ஒங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிகிட்டுப் பேசறது? ஆறு வருஷம் முன்னாடி டிவியில வந்த பொங்கல் நிகழ்ச்சில, முட்டி எப்படிப் போச்சுன்னு கேட்டதுக்கு என்னா சொன்ன? "தர ஈரமா இருந்துது, வழுக்கிட்டேன்"ன்ன. எது ஈரம்? நீ விழுந்தது மே மாசம்! ஆட வந்ததுங்க கால் சுடுதுன்னு குதிச்சுதுங்க அன்னிக்கு.

பிரிசில்லா: அதுக்கா ஆறு வருஷம் பேசல?

இலக்கியா: என் ஸ்கூல் டீம் பொண்ணுங்க இருவது பேரோட ஒக்காந்து பாத்தேன். என் பேர சொல்லுவன்னு பாத்தேன்.

பிரிசில்லா: நான் வழுக்கி விழுந்த கதையில ஒன் பேரு எதுக்கு வரணும்?

இலக்கியா: ...ஒண்ணா ஆடுனமே, அதுக்கு.

பிரிசில்லா: அதுக்கு மட்டும்தானா?

இலக்கியா: வேற என்னா? நீ ஏன் பேச்ச மாத்துற? வேல போன கோவத்த எம்மேல காட்டாத. ஏன் தூக்குனாங்க ஒன்ன? அங்கயும் வாய் காட்டுனியா?

பிரிசில்லா: நிமிந்து நின்னேன்.

இலக்கியா: என்னாது?

பிரிசில்லா: நான் அஞ்சடி பதினொண்ணு. ஹீரோ அஞ்சடி ஏழு. அவனுக்குக் கால்ல பலக போடுவாங்க. அதுவும் பத்தலன்னா, "முட்டிய மடக்கி நில்லுங்க மேடம்." ஆபரேஷன் பண்ண முட்டிடி! எட்டு வருஷம் பொடவக்குள்ள மடக்கி மடக்கி நின்னிருக்கேன். பாக்குறவங்களுக்கு நான் அடக்கமான மருமக. போன மாசம் ஒரு நாளு வலி தாங்கல, நிமிந்துட்டேன். தலை ஃப்ரேமுக்கு வெளிய போயிடுச்சாம். மறுக்கா மடக்கச் சொன்னான். முடியாதுன்னேன். அதான் லாரி.

இலக்கியா: அந்த முட்டியாலயா...

பிரிசில்லா: அதே முட்டிதான். மொத தடவ அதால ஸ்டேட் டீம் போச்சு. அந்த எடத்துக்கு நீ போன. சர்ட்டிஃபிகேட்டு வந்துது, ஸ்போர்ட்ஸ் கோட்டா வந்துது, வேல வந்துது. இப்ப நீ பி.டி. டீச்சரு. நான் செத்த மருமக.

இலக்கியா: குத்திக் காட்டத்தான் பஸ் ஏறி வந்தியா?

பிரிசில்லா: நீ ஏன் குடுத்தன்னு கேக்க வந்தேன். இன்னும் பதில் வரல.

இலக்கியா: நீ மொதல்ல சொல்லு. ஒங்க ஆபீசு ஃபாரத்துல, அவசரத்துக்கு யார கூப்புடணும்ங்கற எடத்துல என் நம்பரு எதுக்கு?

பிரிசில்லா: அம்மாவுக்கு ஃபோன்ல காது கேக்காது.

இலக்கியா: ஒன் தம்பி இல்ல? சர்ச்சு இல்ல? ஆறு வருஷமா பேசாதவ நம்பருதான் கெடச்சுதா?

பிரிசில்லா: வருஷா வருஷம் புதுசா எழுதச் சொல்லுவான், மனப்பாடமா தெரிஞ்சது அதுதான். ஏன், அதுல ஒனக்கு என்னா நட்டம்?

இலக்கியா: என்னா நட்டமா? வியாழக்கிழம ஃபோன் வருது. எடுத்ததும் பேரச் சொல்லி, ஃபாரத்துல ஒங்க நம்பருதான் இருக்குன்னுட்டு, அந்தாளு என்னா சொன்னான் தெரியுமா? "பிரிசில்லா மேடம் எறந்துட்டாங்க. மால போட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க." அவ்ளோதான். வெச்சிட்டான்.

பிரிசில்லா: ...அவனுங்க அப்படித்தான் பேசுவானுங்க. கேரக்டர் பேரெல்லாம் சொல்ல மாட்டானுங்க.

இலக்கியா: எனக்கு எப்படிடி தெரியும்? நெசம்னு நெனச்சேன்! அந்தப் போட்டோவ அனுப்பிட்டு, கிளாஸ அப்படியே வுட்டுட்டு வண்டிய எடுத்தேன். சிதம்பரத்துலேருந்து முதுநகர் வரைக்கும் அழுதுகிட்டே ஓட்டுனேன்.

பிரிசில்லா: வீட்டுக்கு வந்தியா? நீ வரவே இல்லையே.

இலக்கியா: தெருமொனைக்கு வந்தேன். நீ வாசல்ல நின்னு தண்ணி கேன்காரன்கிட்ட கத்திகிட்டு இருந்த.

பிரிசில்லா: பாத்துட்டு...

இலக்கியா: திரும்பிட்டேன்.

பிரிசில்லா: ஏண்டி? உயிரோட இருக்கறவள பாத்துட்டு எவளாவது திரும்பிப் போவாளா?

இலக்கியா: உயிரோட இருக்கறவகிட்ட சொல்ற விஷயம் இல்ல அது.

பிரிசில்லா: எது?

இலக்கியா: வுடு.

பிரிசில்லா: வுட மாட்டேன். எது?

இலக்கியா: பொணத்துகிட்ட சொல்லிடலாம்னு வந்தேன். காதுல சொல்லிட்டு, அழுதுட்டுப் போயிடலாம்னு. நீ என்னாடான்னா கேனு ஒழுவுதுன்னு கத்துற...

பிரிசில்லா: எனக்குத்தான் மால போட்டாச்சே. பொணம்னே நெனச்சிக்க. சொல்லு.

இலக்கியா: கோட்ட மிதிக்காத, தள்ளி நில்லு.

பிரிசில்லா: சொல்லுடின்றேன்!

இலக்கியா: அன்னிக்கு செலக்‌ஷன்ல... நம்ம ரெண்டு பேருல ஒருத்திதான்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. நீ எகிறி பந்தப் புடிச்சிட்டுக் கீழ எறங்கற. என் காலு... ஒன் காலுக்கு அடியில வந்துதுல்ல... அது தெரியாம வரல பிரிசில்லா. நான் வெச்சேன்.

பிரிசில்லா: தெரியும்டி. எறங்கறப்பவே பாத்துட்டேன். எல்லாரும் பந்தப் பாத்தாங்க, நீ மட்டும் என் காலப் பாத்துகிட்டு நின்ன. அதான் அந்த ஃபாரத்துல ஒன் நம்பர எழுதுனேன். நான் செத்தா அந்த ஃபோன மொதல்ல நீ எடுக்கணும்னு.