சாய்ந்த பகடை செல்லாது

பகடை உருட்டும் மேஜையில் துணி விரிக்கக் கூடாது, ஐயா. துணியில் மடிப்பு விழும், மடிப்பில் பகடை சாய்ந்து நிற்கும், மேலே தெரிவது மூன்றா ஐந்தா என்று நாலு பேர் நாலு விதமாகக் கத்துவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ஆட்டம் என்றால் மேஜையை வெறும் பலகையாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படியும் சாய்ந்துவிட்டால் அது செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். ஒன்பது வருடமாக இதுதான் சட்டம்.

நீங்கள் லிஃப்டைப் பற்றித்தான் கேட்டீர்கள். வருகிறேன். ஆட்டம் என்ன என்று தெரிந்தால்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும்.

மேஜையைச் சுற்றி மூன்று பேர், கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். பல் டாக்டரம்மா மந்திரவாதி. பள்ளி நூலகர் திருடன், அதுவும் கை தேர்ந்த திருடன். என் தங்கையின் கணவர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வாள் வீரன். கதையை நடத்துகிறவன் நான். அவர்கள் ஒரு வழியில் போகிறார்கள் என்றால் எதிரே என்ன வரும் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு அட்டவணை எழுதி வைத்திருப்பேன். இரண்டு பகடை உருட்டி, கூட்டி, அந்த எண்ணுக்கு நேரே இருப்பதைப் படிப்பேன். ஓநாய்க் கூட்டம் வரலாம், வழி தவறிய வியாபாரி வரலாம், வெறும் மழையும் வரலாம். நான் ஓரவஞ்சனை செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. உருட்டியது கை, சொன்னது பகடை.

அட்டவணை எழுதுவது சும்மா இல்லை, ஐயா. இரண்டு பகடை முப்பத்தாறு விதமாக விழலாம். அதில் ஏழு ஆறு விதத்தில் வரும். இரண்டு என்ற எண் ஒரே விதத்தில்தான் வரும், ஒன்றும் ஒன்றும் விழுந்தால். ஆகவே சாதாரணச் சரக்கை ஏழில் வைக்க வேண்டும். நெஞ்சுக்கு நெருக்கமானதை இரண்டில் வைக்க வேண்டும். எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு காட்டுக்கு அட்டவணை எழுதினேன். அதில் இரண்டில் ஒரு வெள்ளை மான் வைத்தேன். அது பேசும். அது என்ன பேசும் என்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், பக்கத்துலயே ஆறு ஓடுதே. ஒரு படகு வாடகைக்குக் கிடைக்குமா?"

விதிப்படி கிடைக்கும். நானேதான் அதற்கு முந்தின மாதம் அந்தக் கரையில் ஒரு படகுக்காரனை வைத்திருந்தேன். ஏறிப் போய்விட்டார்கள். எட்டு மாதக் காடு கால் நாழிகையில் பின்னால் போயிற்று. டாக்டரம்மா சிரித்தார், நூலகர் சிரித்தார். மாப்பிள்ளை என் தோளில் தட்டி, "விடுங்க மச்சான், உங்க காடு எங்கயும் ஓடிப் போகாது" என்றார். நானும் சிரித்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கோபப்படவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் நிறுவனம் பதினொரு கட்டடங்களின் லிஃப்டைப் பராமரிக்கிறது. எண்ணெய் போட ஒரு மெக்கானிக், வாரம் ஒரு கட்டடம் போய்ச் சரிபார்க்க நான். "நீங்க வரப்போறது கட்டடக்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. அன்னிக்கு மட்டும் துடைச்சு வச்சிடுறாங்க. யாருக்கும் தெரியாத மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?" என்றார்.

பதினொரு கட்டடங்கள். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை பதினொரு எண்கள். எனக்குக் கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தாற்போல் இருந்தது. சாயங்காலத்துக்குள் அட்டவணை தயார்; வாரம் ஒரு முறை உருட்டி, விழுகிற எண்ணுக்கு நேரே இருக்கும் கட்டடத்துக்குப் போவேன். மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அந்த வருடம் எனக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

ஏழில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் கட்டடத்தை வைத்தேன், ஸ்கூட்டர் நிறுத்த நிழல் உண்டு. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை போய்விடுவேன். அந்த லிஃப்டில் நீங்கள் முகம் பார்த்துத் தலை சீவலாம். இரண்டில் என் தங்கை வீட்டுக் கட்டடத்தை வைத்தேன். நெஞ்சுக்கு நெருக்கமானதை இரண்டில்தான் வைப்பேன் என்று ஏற்கெனவே சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து மெக்கானிக் வந்து நின்றார். வேலையில் புலி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"சார், உங்க தங்கச்சி கட்டடத்துல கயிறு நூல் நூலாப் பிரியுது. விழாமப் பிடிக்கிற பிரேக்கும் துருப்பிடிச்சுக் கிடக்கு. நீங்க வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் நிறுத்த முடியும்."

"எண் வரட்டும்" என்றேன்.

"எண்ணா? சார், கயிறு சார்."

அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். யார் வந்து சொன்னாலும் கிளம்பிவிடுவது என்றால் அட்டவணை எதற்கு? இன்று தங்கை வீடு, நாளை மேலாளரின் மாமியார் வீடு. முறை என்று ஒன்று இருந்தால் அது சொந்தக்காரனுக்கும் முறைதான். அவர் போய்விட்டார். பிறகு மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. எதையும் நான் மறைக்கவில்லை.

தங்கையும் போன் செய்தாள். "அண்ணா, லிஃப்ட் ஏறும்போது ஒரு மாதிரி உதறுது. நீதானே பாக்கறவன், ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." அவளிடம், மூட்டுக்கு நல்லது, இனிமேல் படியிலேயே ஏறி இறங்கு என்று சொன்னேன். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள். ஆறு மாடி, தினமும் நடந்தாள். மாப்பிள்ளைக்கு நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் அறிவுரை கேட்கிற ஆள் இல்லை, காட்டு வழியே போங்கள் என்றாலும் படகு தேடுவார்.

போன மாதம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இரண்டு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் படியில், அவர் லிஃப்டில். யார் முதலில் கீழே போகிறார்கள் பார்க்கலாம் என்று அவளைச் சீண்டிவிட்டு ஏறியதை எதிர்வீட்டு அம்மா கேட்டிருக்கிறார். அவர்தான் முதலில் போனார். அவள் நான்காவது மாடிப் படியில் இருந்தபோது சத்தம் கேட்டது என்று அந்த மாடிக்காரர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. என்னோடு மட்டும் இல்லை, யாரோடும்.

எனக்கு வருத்தம் இருக்கிறது, ஐயா. அவர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அவர் வேஷத்தை என்ன செய்வது என்று டாக்டரம்மா அழுதுகொண்டே கேட்டார். வீரன் தனியாகக் காட்டுக்குள் போனான் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அன்றைக்கே உருட்டியும் பார்த்தேன். ஓநாய்கள்தான் வந்தன.

இரண்டு வருடத்தில் அந்த எண் ஒரு முறைகூட விழவில்லையா என்று கேட்கிறீர்கள். விழுந்தது. மூன்று முறை விழுந்தது, அதில் இரண்டு முறை மெக்கானிக் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு. கணக்குப்படியும் கிட்டத்தட்ட அத்தனை முறைதான் விழ வேண்டும், பகடைமேல் பழி சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று முறையும் ஒரு பகடை லேசாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்தது செல்லாது, மறுபடி உருட்டினேன். அலுவலகத்தில் நான் உருட்டும் மேஜைமேல் தங்கை பின்னிக் கொடுத்த விரிப்பு ஒன்று கிடக்கிறது. அட்டவணை போட்ட அன்று சாயங்காலம் நான்தான் அதை வீட்டிலிருந்து கொண்டுவந்து விரித்தேன்.