மஞ்சள் கோடு போட்ட நட்டு

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் மேடம், ஏட்டையா எழுதுகிற தாள் பறக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பேச்சே வராது.

பெயர் கோதண்டராமன், வயது நாற்பத்தாறு. இங்கே செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தம்பி எழிலன் என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். அவனுக்கு எட்டு வயதாகும்போது அம்மாவும் நைனாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். சோறாக்கிப் போட்டது, தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் அவனை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று விட்டுவிட்டேன். இதை அவனிடம் நான் சொல்லிக் காட்டியதே இல்லை. தேவைப்பட்டபோது மட்டும் சொல்வேன்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ரேஸ் கார் கட்டும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. கூடப் படித்த வெண்மதி அங்கே இருக்கிறாள், அவள்தான் சொல்லி வைத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பெண்தான். உங்களிடம் புகார் கொடுத்தவளும் அவளே. எனக்கு அவள்மேல் கோபமில்லை.

அவன் பெட்டி கட்டிய வாரம்தான் நான் கிட் காரை வரவழைத்தேன். கிட் கார் என்றால் முழுக் கார் வந்து நிற்காது மேடம். குழாய் வைத்துப் பற்றவைத்த சட்டம், ஃபைபர் பாடி, மற்றதெல்லாம் பெட்டி பெட்டியாக வரும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டு நாமே கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டே சீட், கூரை கிடையாது. சின்ன வயதிலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் வரைந்துகொண்டிருந்த வண்டி அது. லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கியபோது அழுதேவிட்டான்.

"இத கட்டி முடிச்சிட்டுப் போடா. ஆறு மாசந்தான். அதுக்குள்ள அந்தப் பட்டற இன்னா ஓடியா போயிடப் போவுது?" என்றேன்.

"முடிச்சா விட்டுடுவியாண்ணா?"

"நானே வந்து பஸ் ஏத்தி வுடறேன்."

சத்தியமாகத்தான் சொன்னேன். முடித்திருந்தால் விட்டிருப்பேன்.

வேலை வரிசையை நான் போட்டேன். நூற்று நாற்பத்திரண்டு வேலைகள், பெரிய சார்ட்டில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டினேன். இந்த மாதிரி வண்டியில் எது முன்னால், எது பின்னால் என்பதுதான் எல்லாமே. சரியான வரிசை தெரிந்தவனால்தான் தப்பான வரிசையும் போட முடியும். பெட்ரோல் டேங்க்கை முதலில் பூட்ட வைத்தேன். பிறகு பார்த்தால் பிரேக் குழாய் போக வழியில்லை, டேங்க்கைக் கழற்றினோம். எஞ்சினை இறக்கிய பிறகு பெடல் பூட்டச் சொன்னேன். கை நுழையவில்லை, எஞ்சினை மறுபடி தூக்கினோம். ஒயரிங்கை முழுக்க இழுத்து டேப் சுற்றிய பிறகு டாஷ்போர்டில் துளை போட வைத்தேன். அவன் தலையில் கை வைத்து உட்காரும்போதெல்லாம் பதறாத காரியம் சிதறாது என்பேன். ஆறு மாசம் மூன்று வருஷமானது.

ஷெட் வீட்டுக்குப் பின்னால், கோட்டை இருக்கிற கிருஷ்ணகிரி மலையின் அடிவாரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த பாறை சாயங்காலமும் அனலைக் கக்கும். மேலே தகரம் வேறு. அதற்குள்ளேயே கிடந்து பிள்ளை இளைத்துவிட்டான். சிநேகிதர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள், "எனக்கு மூச்சு முட்டுதுண்ணா" என்றான். அன்றைக்கே ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தேன்.

வெண்மதி இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும் அவன் குளித்துக்கொண்டிருந்தான், நான் எடுத்தேன். "அவனுக்கு இஷ்டமில்லம்மா. உங்கிட்ட சொல்லக் கூச்சப்படறான்" என்றேன். பிறகு அவனுடைய போனிலேயே அவள் நம்பரை பிளாக் செய்து வைத்தேன். அவளுக்கும் வீண் அலைச்சல் எதற்கு.

இந்த வருஷம் பொங்கல் கழித்து ஒரு காலையில் ஷெட்டுக்குப் போனால் சுவரில் என் சார்ட் இல்லை. பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு அவன் கையெழுத்தில் ஒரு வரிசை ஒட்டியிருந்தது.

"இன்னாடா இது?"

"சரியான ஆர்டர்ண்ணா. நாப்பது நாள்ல முடிஞ்சிடும்." என் முகத்தை நேராகப் பார்த்தான். "உனக்குத் தெரியாம இருக்காது."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போய்விட்டான். எவ்வளவு நாளாகத் தெரிந்திருந்தது, ஏன் பொறுத்துக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை மேடம், பயம் வந்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு தட்டு வைத்து நான் மட்டும் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். நாலு சுவருக்கு நடுவில் அவன் இருந்தான் என்கிறீர்கள், நானும் அதே நாலு சுவருக்கு நடுவில்தான் இருந்தேன்.

அவன் வரிசைப்படி வேலை ஓடியது. ஒன்றைக்கூட இரண்டாம் தடவை கழற்ற வேண்டியிருக்கவில்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சக்கரம், ஸ்டியரிங் பக்கத்து நட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகி வைப்போம். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் ஸ்பானர் போட்டு முறுக்குவோம். முறுக்கிய நட்டின்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோடு இருக்கிற நட்டை மறுபடி யாரும் தொட மாட்டோம். அவன் காலேஜில் கற்றுக்கொண்டு வந்தது. "கோடு போட்டா அது சத்தியம் பண்ண மாதிரிண்ணா" என்பான்.

முப்பத்தாறாவது நாள் மத்தியானம் பிரேக் ஆயில் வாங்கத் திண்டிவனம் போனான். முன்பக்கத்தை என்னிடம் விட்டுப் போனான். எல்லா நட்டையும் ஒழுங்காக முறுக்கினேன். முன்வலது சக்கரத்தை ஸ்டியரிங் ராடோடு பிணைக்கிற நட்டை மட்டும் கையால் திருகியபடியே விட்டேன். அதன்மேலும் கோடு போட்டேன். பிசிறில்லாமல் வந்தது. பிரஷை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தேன்.

"முன்பக்கம் முடிஞ்சிதாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"கோட்டப் பாருடா."

குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "தேங்க்ஸ்ண்ணா. உம்மேல கோவமெல்லாம் இல்ல. போனாலும் மாசம் ஒருதரம் வந்துடுவேன்" என்றான். மாசம் ஒரு தரம்.

நாலு நாள் கழித்து வண்டி முழுசாக நின்றது. ரிஜிஸ்டர் ஆகாத வண்டி, அதனால் விடிந்ததும் ஆளில்லாத நேரத்தில் சிங்கவரம் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. "வாண்ணா, முதல் ரவுண்டு ரெண்டு பேரும் போவலாம்" என்றான். கடை திறக்க வேண்டும் என்றேன்.

வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக ரோடு திரும்புகிற இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ப் பாறையில் மோதியது. கழுத்தெலும்பு. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தான். கழுத்துக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெண்மதி செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்திருந்தாள். பிறகு செஞ்சிக்கு வந்து, நொறுங்கிக் கிடந்த வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தாள். அந்த நட்டு சட்டத்துக்குள்ளேயே விழுந்து கிடந்திருக்கிறது. மஞ்சள் கோடு இருந்தது, ஸ்பானர் பட்ட தடம் இல்லை. கெட்டிக்காரப் பெண்.

வண்டி கொல்லையில் இறங்கி நின்றுவிடும், பிள்ளை பயந்து ஊரோடு இருந்துவிடுவான், அதற்கு மேல் நான் நினைக்கவில்லை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். இன்று நீங்கள் கொத்தனார் பச்சைமுத்து சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். அவர் சொன்னது உண்மைதான். என் வீட்டுப் பாத்ரூம் கதவை இடித்து அகலமாக்கினார். வாசல் படியை உடைத்துச் சரிவாகப் பூசிக் கொடுத்தார். விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். எதற்கென்று எழிலன் கேட்டான், முட்டி வலி என்றேன்.

விபத்து நடக்கும் முன்னே எதற்கு என்று கேட்கிறீர்கள். வேலை வரிசை என்றால் அதுதான் மேடம். பொருள் வந்து இறங்கிய பிறகு இடம் ஒழிக்கிறவன் முட்டாள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். கால் போகும் என்று கணக்குப் போட்டேன், கையும் சேர்ந்து போய்விட்டது. செத்தே போயிருந்தால் என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். கோயம்புத்தூருக்குப் போவதும் அதுவும் எனக்கு ஒன்றுதான்.

எழுதிக்கொள்ளட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எழிலனைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அது மட்டும் நடக்கக் கூடாது. அவன் என்னை வெறுக்கிறான் என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் அவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடி, "நீதானாண்ணா?" என்றான். ஆமாண்டா என்றேன். அவனிடம் நான் பொய் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. குரலில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். பேச்சா முக்கியம். இன்று காலைகூட இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போனேன், வாயைத் திறந்தான். மூன்று வேளையும் திறக்கிறான். மன்னிக்காதவன் வாயைத் திறப்பானா மேடம்?