முதல் பனி அன்னிக்கு டயர் கடையில

...அதைத்தான் நானும் சொல்றேன். நேத்து வரைக்கும் இந்தக் கடைல ஈ ஓட்டிட்டு இருந்தாங்க. இன்னிக்கு விடிஞ்சதும் முதல் பனி விழுந்துச்சு, கெமியார்வி ஊரே டயரைத் தூக்கிட்டு வந்து நிக்குது. லாப்லாந்துல பனி பெய்யும்னு இவங்களுக்கு யாரும் சொல்லலையாக்கும். வருஷா வருஷம் இதே கூத்து. உக்காரு தம்பி, நகந்து உக்காரு. காபி எடுத்துக்கோ. பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கும், ஆனா சூடா இருக்கும்.

நானா? நானும் இன்னிக்குத்தான் வந்தேன். அது வேற. எனக்குக் காரணம் இருக்கு. பனி டயர்னா மிருதுவான ரப்பர். காஞ்ச ரோட்டுல ஓட்டினா தேஞ்சே போயிரும். இது எவன் மண்டைலயும் ஏறாது. என் வீட்டுக்காரி ஐலா போன மாசத்துலேர்ந்து மாத்து மாத்துன்னு உயிரை எடுத்தா. காஞ்ச ரோட்டுல பனி டயர் ஓட்டுறவன் முட்டாள்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

அவளா? நேத்தே போயிட்டா. அவ அண்ணன் அர்மாஸ் வண்டில. என் மச்சான். அவன் நாலு சக்கரத்துலயும் ஆணி டயர், ஐஸைக் குத்திப் பிடிக்க ரப்பர்ல இரும்பு ஆணி பதிச்சது. தெருமுனைல வர்றப்பவே தகர டப்பாவ உருட்டுற சத்தம் கேக்கும். அவனுக்கு அதுல ஒரு பெருமை. நான் போன வருஷம் ஆணி இல்லாத பனி டயருக்கு மாறிட்டேன். என்னா அமைதிங்கிற! கோடைக்கு மாட்டுற டயருக்கும் அதுக்கும் ஓட்டுறவனுக்கே வித்தியாசம் தெரியாது. இதை அர்மாஸ்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஐஸ்ல நிக்காதுய்யாங்கிறான். அவனுக்கு நிக்காது. ஓட்டத் தெரியணும்.

எங்க போகணுமா? போஸியோவுக்கு. ஒரு மணிக்கு என் பேரனுக்கு ஞானஸ்நானம். மக மெர்வியோட பையன், எனக்கு முதல் பேரன். நம்ம வழக்கம் தெரியும்ல, பாஸ்டர் தலைல தண்ணி ஊத்துற வரைக்கும் பேரு வெளிய வரக்கூடாது. ரெண்டு மாசமா அந்தப் பிள்ளைய 'உருண்டை'ன்னுதான் கூப்பிடுறாங்க. நானும் சும்மா இல்ல. ஜாடையா கேட்டேன், கலெர்வோங்கிற பேரெல்லாம் இந்தக் காலத்துக்கு நல்லா இருக்குமாம்மான்னு. நான்தான் கலெர்வோ. அவ சிரிச்சா. அது என்ன சிரிப்புன்னு அன்னைலேர்ந்து யோசிச்சுட்டு இருக்கேன். இந்த அர்மாஸும் தன் பேரை வைக்கணும்னு ஒரு பக்கம் தூண்டில் போட்டுட்டு இருக்கான். தொட்டிலு வாங்கிக் குடுத்தான்ல. பேரை அந்தாளு வாயால போன்ல கேக்குறதுக்கு நான் இந்தக் காபிலயே மூழ்கிச் சாகலாம். பாஸ்டர் சொல்றப்ப நான் அங்க நிக்கணும். அவ்வளவுதான்.

மத்ததெல்லாம் தயார். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தினேன். கதவு ரப்பர் ஒட்டிக்கக் கூடாதுன்னு எண்ணெய் தடவினேன். கண்ணாடிக்கு உறையாத நீலத் தண்ணி ஊத்தினேன். மண்வெட்டி, போர்வை, மெழுகுவத்தி. பூட்டு உறைஞ்சா உருக்குற மருந்து கூட வாங்கி வச்சேன். எங்க வச்சேன்? வண்டிக்குள்ள. காலைல பூட்டு உறைஞ்சு கிடக்கு, மருந்து உள்ள உக்காந்துட்டு என்னைப் பாக்குது. சாவிய தீக்குச்சில காட்டித்தான் திறந்தேன். சிரிக்காத. அப்புறம் இஞ்சினைச் சூடு பண்ற ஒயரைப் பிடுங்காமக் கிளம்பிட்டேன். பிச்சுக்கிட்டுப் பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி ஓடி வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் கைதட்டுறான். சரி, அதை விடு.

ஷெட்ல பனி டயர் கறுப்புப் பையில கட்டி வச்சிருந்தது. அப்படியே தூக்கி டிக்கில போட்டேன். கோடை டயரோடயே இங்க வந்தேன். ஆமா, இந்தப் பனில. ஏரிப் பாலத்து இறக்கத்துல ரெண்டு வண்டி பள்ளத்துல கிடக்கு. ஒரு வேன் ரோட்டுக்குக் குறுக்க படுத்திருக்கு. என் வண்டி? ஒரு மயிரிழை ஆடல. பின் சீட்டுல ஐலா செஞ்ச ரொட்டிக் கேக் இருக்கு, மேல சால்மன் மீன் துண்டு அடுக்கினது. விருந்துக்கு அதுதான். ஒரு துண்டு நகரல தம்பி. கோடை டயர்ல. இதுக்கெல்லாம் கை வாகு வேணும். உன் வயசுக்காரங்களுக்கு அது வராது.

இதுல அந்தப் பாஸ்டர் கவலை வேற. போஸியோ பாஸ்டருக்குக் காய்ச்சலாம். நம்ம ஊருக்குப் புதுசா வந்திருக்காராமே, அவரை அனுப்புறாங்களாம். தெக்க, கடற்கரைப் பக்கத்து ஆளு. அங்க பனின்னா ஜன்னல் வழியா ரசிக்கிறதுதானே. அந்தாளு இந்நேரம் எந்தப் பள்ளத்துல கிடந்து ஜெபம் பண்றாரோ. ஏன் இருமுற? காபி புரை ஏறிருச்சா? மெதுவாக் குடி. என்னமோ சொல்ல வந்த, அப்புறம் சொல்லு.

இந்தா, கடைக்காரி வர்றா. ...கேட்டியா? எனக்கு முன்னாடி இன்னும் ஏழு வண்டியாம். உனக்கு? எனக்கும் பின்னாடியா? போச்சு. பேரனுக்கு ஞானஸ்நானம்மான்னு கெஞ்சிப் பாத்தேன். இங்க ஒருத்தருக்குப் பிரசவ வலி, அவங்களே வரிசைல நிக்கிறாங்கங்கிறா. பொய்யாத்தான் இருக்கும். அவ மூஞ்சிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியல.

சரி, முடிவு பண்ணிட்டேன். இப்படியே போறேன். கோடை டயரோடயே போஸியோ. ஏன் தலைய ஆட்டுற? வா வெளிய. வந்து என் டயரைப் பாரு. நாளைக்கு அர்மாஸ் நம்ப மாட்டான், நீதான் எனக்குச் சாட்சி. இதுதான் வண்டி. பொறு, சக்கரத்துல ஒட்டியிருக்கிற பனிய உதைச்சு விடுறேன்.

பாத்தியா, எப்படி வழவழன்னு...

இரு.

இது என்னது. மலைப் படம் போட்டு நடுவுல பனிப்பூ. இது பனி டயர்ல போடுற முத்திரைல்ல. கோடை டயர்ல எதுக்கு... அந்தப் பக்கம் பாரு. அங்கயுமா? டிக்கியத் திற. அந்தப் பையைக் கிழி.

ம்.

கோடை டயருதான். வழவழன்னு. ஒரு நாளும் ரோட்டைத் தொடாத மாதிரி பளபளன்னு இருக்கு.

வசந்தத்துல நான் மாத்தவே இல்ல. ஐலா கேட்டா, டயர் மாத்தியாச்சான்னு. ஆச்சுன்னேன். மீன் பிடிக்கக் கிளம்பிட்டு இருந்தேன், எவன் போய் ஷெட்டைத் திறந்து பாப்பான். கோடை பூராவும் பனி டயர்ல ஓட்டியிருக்கேன். காஞ்ச ரோட்டுல. வித்தியாசம் தெரியலன்னு சொன்னேன்ல. தெரியலதான். வண்டில மாட்டியிருக்கிற டயரோட கோட்டுல உன் நகத்தை விட்டுப் பாரு. இன்னும் பள்ளம் இருக்கா? இருக்குல்ல. தேஞ்சிருக்கு, ஆனா தாங்கும். காலைலேர்ந்து இந்தக் கழுநீரைக் குடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கேன். நீ சிரிக்கிறதுன்னா சிரி. அர்மாஸ் காதுக்கு மட்டும் போகக் கூடாது.

நான் கிளம்புறேன் தம்பி. உன் வரிசை வந்துரும். ...ஏன் கதவைப் பிடிக்கிற? நீயும் போஸியோவா? உனக்கு அங்க என்ன வேலை? அந்த மப்ளரை ஏன் அவுக்குற...

ஓ.

வெள்ளைக் காலர்.

பாஸ்டர். எப்பலேர்ந்து சொல்ல வந்தீங்க? காபி எடுக்குறப்பவேவா? அந்தப் பள்ளத்துல கிடந்து ஜெபம்னு சொன்னேனே, அது வேற பாஸ்டர். வாங்க, முன்னாடி உக்காருங்க. உங்க வண்டி இங்கயே கிடக்கட்டும். பாருங்க, நீங்க இல்லாம அவங்க தொடங்க முடியாது. நான் இல்லாம நீங்க போக முடியாது. எனக்கு இப்படி ஒரு நாள் வாய்க்கும்னு கனவுல கூட நினைக்கல. அந்தக் கேக்கை மடில வச்சுக்குங்க. பின்னாடி வச்சாலும் ஆடாது, இருந்தாலும்.

அப்போ... பேரு உங்களுக்குத் தெரியும்.

சொல்லக் கூடாதா. சரி சரி, நான் கேக்கல. நீங்க வாயே திறக்க வேணாம். காலைலேர்ந்து எங்க திறந்தீங்க. நான் சும்மா எனக்கு நானே சொல்லிக்கிறேன், நீங்க ரோட்டைப் பாருங்க. அர்மாஸ்.

கல்லு மாதிரி இருக்கீங்க. நல்லது.

கலெர்வோ.

பாஸ்டர், கேக்கு, கேக்கு! புடிங்க. இருமுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி இருமணும்ல. போச்சு, ஒரு மீன் துண்டு நகந்துருச்சு. வீட்டு வாசல்லேர்ந்து அந்தப் பாலத்து இறக்கம் வரைக்கும் நகராத துண்டு, இன்னும் வண்டிய ஸ்டார்ட் கூடப் பண்ணல, நகந்துருச்சு.

நகரட்டும். எல்லாத் துண்டும் நகரட்டும். பெல்ட்டைப் போடுங்க பாஸ்டர், சின்னக் கலெர்... இல்ல, உருண்டையப் பாக்கப் போவோம்.